மருந்தடித்த சுவர்

சென்னிமலை ஐந்தரைக்கு எழுந்தான். கொசுவலையை மடித்து வைத்தான். பல் துலக்கினான். ஸ்டவ்வில் கட்டங்காப்பி போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். டார்ச்சையும் உறிஞ்சுகுழாயையும் எடுத்துக்கொண்டு உள் அறைக் கதவைத் திறந்தான்.

மனைவி கமலாத்தாள் இறந்து முப்பத்தேழு நாள். அதன் பிறகு அந்த அறையில் யாரும் படுக்கவில்லை.

அவனுக்கு மலேரியா ஆபீஸில் ‘இன்செக்ட் கலெக்டர்’, அதாவது பூச்சி பிடிக்கும் வேலை. விலங்கியல் படித்தவன். விடிகாலையில் வீடு வீடாகப் போய், சுவரில் ஓய்ந்திருக்கும் கொசுவைக் கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். இன்று தன் வீட்டில் பிடித்தான். உறிஞ்சும்போது அந்த அறையின் காற்று வாய்க்குள் வந்தது. அதில் அரப்புத் தேய்த்துக் குளித்த தலையின் ஈர வாசம் இருந்தது.

இருபது கொசு. வெளிச்சத்தில் குழாயைத் தூக்கிப் பார்த்தான். இருபதின் வயிறும் சிவந்திருந்தது. பழைய இரத்தம் என்றால் கறுத்திருக்கும். இது நேற்று இரவு குடித்தது.

அவன் வெளி அறையில், வலைக்குள் படுத்திருந்தான்.

பக்கத்து வீட்டுக் குப்பண்ணனின் எருமை இரத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். வாசலில் அவரே பால் கேனோடு சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"என்னுங்க கலெக்டரே, இன்னைக்கு எத்தனை மனு வந்திருக்குது?"

"இருபது. ஏனுங்ணா, ராத்திரி எருமையை எங்க கட்டறீங்க?"

"மறந்துட்டீங்களாக்கும். கருமாதி முடிஞ்ச அடுத்த நாளே தோட்டத்துச் சாளைக்கு ஓட்டிட்டனே. இங்க ஒரு கன்னுக்குட்டிகூட இல்லீங்க தம்பி." கேனை மறு கைக்கு மாற்றினார். "ஊட்டைப் பூட்டிட்டு வந்து நாலு வாய் சோறு உண்ணுங்க. அதுகளாச்சும் வயிறாரத் திங்குது."

அவர் சிரித்தார். சென்னிமலை உள்ளே போய்விட்டான்.

கார்த்திகையில் உள் அறைக்கு டி.டி.டி. அடித்தவன் அவனேதான். மருந்தடித்த வீட்டுக்கு வலை எதற்கென்று, ஆபீஸில் கொடுத்த ஒரே வலையையும் முகாமுக்குப் போகும்போதெல்லாம் கையோடு கொண்டுபோனவனும் அவன்தான். தை நோம்பிக்கு மீனாட்சிபுரம் முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பார்கள். மருந்தின் மேல் சுண்ணாம்பு பட்டால் மருந்து செத்தது. மாசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டதும் அவன் கத்தினான்.

"நோம்பிக்கு இந்தச் செவுத்துல சுண்ணாம்பு அடிச்சுப்போட்டியா புள்ள?"

"நானு அடிக்கலீங்க."

நம்பவில்லை. மருந்தும் வெள்ளை, சுண்ணாம்பும் வெள்ளை. மூன்றாம் நாள் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது.

சுவரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கொசுவைக் கேட்கலாம். அளவாக மருந்து தோய்த்த தாளைச் சுருட்டி உள்ளே வைத்த குழாயில் ஒரு மணி நேரம் அடைக்க வேண்டும். பிறகு சுத்தமான குழாய்க்கு மாற்றி ஒரு நாள் காத்திருக்க வேண்டும். செத்தால் மருந்தில் குறையில்லை, அவள் பொய் சொன்னாள். பிழைத்தால் அவள் சொன்னது நிஜம்.

கொசுக்கள் செத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

எட்டு மணிக்கு அடைத்தான். ஒன்பதுக்கு மாற்றினான். ஈரப் பஞ்சை மேலே வைத்தான். பிறகு எதிரே உட்கார்ந்திருந்தான். கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது. லட்சத்தில் ஒன்று பிறக்கும்போதே மாறிப் பிறக்கும். மருந்து பிடிக்க வேண்டிய இடம் அதன் நரம்பில் சற்றே வேறாக இருக்கும், அவ்வளவுதான். மற்றவற்றை மருந்து கொன்றுவிடும். சுவர் முழுவதும் அதன் பிள்ளைகளுக்கு. வருஷா வருஷம் அடித்து அடித்து, அதைப் பொறுக்கி எடுத்து வளர்த்தது மருந்துதான்.

விளக்கு வைக்கும் நேரத்தில், தெருவில் மாடுகளின் மணியும் பெண்கள் பேச்சும் ஓய்ந்து, மண்ணெண்ணெய்ப் புகையும் பகலின் சூடும் வீட்டுக்குள் அசையாமல் நின்றபோது, மூடிய கதவுக்குப் பின்னால் உள் அறையிலிருந்து மெல்லிய ரீங்காரம் எழுந்து, ஒரே சுருதியில் வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்து, சட்டென்று நின்றது. ஆள்மேல் உட்காரும்போதுதான் அப்படி நிற்கும். மறுபடி எழுந்தது. நின்றது.

எழுந்தது. நின்றது.

அவன் கதவைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது. குழாயைச் சாய்த்து எண்ணினான். தட்டிவிட்டு மறுபடி எண்ணினான். இருபது. இருபதும் பறந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை.

அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

வெயில் கட்டில் வரை வந்திருந்தது. கட்டிலுக்குப் பின்சுவர் முழுக்கக் கொசு. தலையைச் சுவரில் பதித்து, பின்புறத்தைத் தூக்கி. எல்லா வயிறும் சிவப்பு. ஓரிடம் மட்டும் வெறும் வெள்ளை. உட்கார்ந்து சாயும் முதுகின் உயரம். இரண்டு தோள். மேலே, இடப்பக்கம் சற்றுச் சரிந்த தலை.

ஒரு கொசு கிளம்பியது. வெள்ளையை நோக்கிப் போனது. சுவரைத் தொடவில்லை. சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

உட்கார்ந்தது.

கீழே ஒன்றுமில்லை.

அதன் வயிறு மெல்லச் சிவந்தது.

கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டவர்களிடமெல்லாம், தண்ணீர் கேட்டாள் என்று சொல்லியிருந்தான். அந்த மூன்றாம் நாள் அவள் இதே சுவரில் சாய்ந்துகொண்டு, வெளி அறையில் இருந்த அவனைக் கூப்பிட்டாள். காய்ச்சலில் உளறுகிறாள் என்று அவன் எழுந்து போகவில்லை.

"ஏனுங்க, மருந்து மேலயேதானுங்க கொசு உக்காந்திருக்குது. ஒருக்கா வந்து பாருங்க."