குனியாத தலையும் குட்டை வாசலும்

வாசகர்களே, கடல் கடந்த தீவில், வாரோசுத் துறையின் ஆற்றில் அந்திச் செம்மை கரைய, கற்பூரக் காட்டின் மணத்தோடு நிலவு எழுந்த அந்த எழிலை வருணிக்க ஏடு கொள்ளாது. ஆனால் சோழப் படையின் மொழிபெயர்ப்பாளன் இளங்காரிக்கு அதில் எள்ளளவும் தெரியவில்லை. அத்தீவின் பத்தா என்னும் குடியின் தலைவர் சொர்பாவின் மரவீட்டு நடுத்தூணோடு, போரில் பிடிபட்ட அவனைப் பிணையாகக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

எருமைக் கொம்பாய் வளைந்த கூரை. நெஞ்சளவே உயர்ந்த ஒரே வாசல். நுழைபவர் எவராயினும் அவ்வீட்டு முன்னோருக்குத் தலைகுனிந்தே வரட்டும் என்று அமைத்த வாசல் அது. சோழத் தூதர் அப்படி வந்து ஒரு பிடி சோறுண்டால் சமாதானம், இளங்காரிக்கு விடுதலை. இல்லையேல் அவன் ஆயுளுக்கும் இவ்வீட்டு அடிமை.

ஏணியேறி நின்ற தூதர் வணங்காமுடி மாராயரின் இரத்தினப் பாதுகைகளும் பொன் ஒட்டியாணமும் தெரிந்தன; தலை மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

"இளங்காரி, வாசலை உயர்த்தச் சொல். நமது சிரம் சக்கரவர்த்திக்கு மட்டுமே தாழும்."

"படகில் ஏறுகையில் குனிந்தீர்களே, பிரபு."

"அது சக்கரவர்த்தியின் படகு."

அவனுக்குச் சோறூட்டி வந்த தலைவரின் மகள் தியோமா, "உங்கள் தூதருக்கு இடுப்புப் பிடிப்பா? தைலம் இருக்கிறது" என்றாள். சொல்லியபடியே, எவரும் அறியாமல் அவன் கட்டை அறுத்துவிட்டாள்.

அந்நேரம் மாராயருக்கு ஓர் இராசதந்திரம் உதித்தது. கடலுக்கப்பால் வீற்றிருக்கும் சக்கரவர்த்தியை நோக்கித் தலைகுனிந்து, பின்பக்கமாக நுழையலானார். பொன் ஒட்டியாணம் நிலையில் மாட்டிக்கொண்டது. சோழப் பேரரசின் மாட்சி முழுவதும் வாசலை அடைத்து நிற்க, கட்டவிழ்ந்தும் இளங்காரிக்கு வெளியேற வழியில்லை.

சொர்பா நெடுநேரம் அந்த மாட்சியைப் பார்த்தார். "வீட்டுக்கு முதுகு காட்டுகிறவர் வருகிறவர் அல்லர், போகிறவர். போகட்டும்" என்று காலால் மெல்ல வழியனுப்பினார்.

வீட்டார் கூட்டத்தை விலக்கி இளங்காரி வாசலை எட்டியபோது, 'குனியாது மீண்ட கோமான்' என்று முழங்கிய முரசோடு தூதரின் மரக்கலம் முகத்துவாரம் கடந்துகொண்டிருந்தது. கூவிப் பார்த்தான். முரசில் அது கேட்கவில்லை.

சுவரில் செதுக்கிய பல்லியைத் தியோமா காட்டினாள். "எங்கே விழுந்தாலும் ஒட்டிக்கொண்டு பிழைக்கும். அதனால்தான் அதை வைத்திருக்கிறோம்."

அவன் திரும்பிவந்து, தன்னைக் கட்டியிருந்த தூணிலேயே கைவைத்தான். "இந்தத் தூண் அறியட்டும். சோழரின் சொல் ஒன்றையும் இனி என் நா மொழிபெயர்க்காது."

அவள் காலியான தண்ணீர்க் குடத்தை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு, குனிந்து வெளியே போனான்.