மண்ணிறப் பொத்தான்

படத்தில் இருந்த எல்லோரும் அரைக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். பின்னால் நின்ற ஒருவனின் தோளில் மட்டும் பனி கிடந்தது.

கலாதேவி அதை உறைக்குள் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்ஸ்புரூக் நகரத்துத் தங்கக் கூரை வெயிலில் மின்னியது. கீழே நாலு ஜெர்மன் கிழவிகள் ஐஸ்கிரீமோடு சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, நீல ஜக்கெட் போட்ட ஒரு நெட்டையன். மூலையில் செம்மஞ்சள் எழுத்தில் திகதி: 5.10.96.

ஜெர்மனியில் ஹம் நகரின் ஓரத்தில் இருந்த அந்தப் படம் கழுவும் தொழிற்கூடத்தில் அவளுக்கு இது மூன்றாவது வருடம். இயந்திரத்தின் ஒரு பக்கத்தால் சுருள்கள் உள்ளே போகும், மறுபக்கத்தால் சூடு ஆறாத படங்கள் வந்து விழும், வினாகிரி போன்ற அந்தப் புளித்த மணம் தலைமயிருக்குள் ஏறி வீட்டுக்கும் கூடவே வரும். மங்கலானவற்றை ஒதுக்கி, மிச்சத்தை உறையில் போட்டு, பெயர் ஒட்டி, அடுத்த உறையை எடுக்க வேண்டும். இலையுதிர்கால விடுமுறை முடிந்த கிழமை என்பதால் மலை போலக் குவிந்து கிடந்தன, மலை பார்க்கப் போனவர்களின் உறைகள். விடியற்காலை நாலு மணிக்கு எழும்பிச் சமைத்துவிட்டு வந்தவளுக்கு நின்ற நிலையிலேயே கண் சொருகியது.

பக்கத்தில் நின்ற கொறற்றிக்கு வாய் ஓயவில்லை. மன்னார்க்காரி, கலாதேவியைவிடப் பத்து வயது மூத்தவள்.

"சால்ஸ்பூர்க் கோட்டையை நான் ஆயிரம் தரம் ஏறி இறங்கிட்டன் பிள்ளை. காலில ஒரு கல் குத்தேல்லை."

"ஓம் அக்கா. எங்கட விசாவுக்கு இதுதான் பயணம்."

"என்ன, முகம் செத்துக் கிடக்கு? லீவு கேட்டிருக்கலாமே, இண்டைக்கு உன்ர மனுசன்ர திவசமெல்லே?"

"கேட்டனான். தரேல்லை."

அடுத்த உறை வேறு யாரோ ஒரு குடும்பத்தினுடையது. சால்ஸ்பூர்க். கோட்டைக்குக் கீழே சதுக்கம், குதிரை வண்டி, வண்டிக்காரனிடம் ஒரு துண்டுக் கடதாசியை நீட்டிக்கொண்டு நிற்கிற நீல ஜக்கெட். 11.10.96.

அவள் இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதே ஆள். யாரிடமோ வழி கேட்கிறவனைப் போல.

மூன்றாவது, லுட்சேர்ன். நெருப்பில் எரிந்து திரும்பக் கட்டிய மரப்பாலம், பூச்சட்டிகள், தண்ணீரில் அன்னங்கள். பாலத்தின் நடுவில் அவன் பக்கவாட்டில் நின்றான். ஜக்கெட்டின் முன்பக்கம் தெரிந்தது. கறுப்புப் பொத்தான்கள் நான்கு. மேலிருந்து இரண்டாவது மட்டும் மண்ணிறம்.

கலாதேவி படத்தை விளக்குக்குக் கிட்டப் பிடித்தாள்.

அந்தப் பொத்தானைத் தைத்தவள் அவள்தான். இரண்டு வருடங்களுக்கு முன், ரோமில், களவாக எல்லை கடத்திவிடுகிற ஏஜென்சிக்காரனின் அறையில் காத்துக்கிடந்த கணவன் தபோதரனுக்கு ஒருவரிடம் கொடுத்தனுப்பிய ஜக்கெட் அது. பிஸ்கற் பேணிக்குள்ளிருந்து அந்தப் பொத்தானைத் தெரிந்தெடுத்தது மகள் சிவானுஜா, அப்போது ஆறு வயது. தன் விலாசத்தை எழுதி உள்பையில் வைத்ததும் கலாதேவிதான். ஒஸ்ரியாவுக்குள் போக ஒன்பது பேர் இரவில் மலை ஏறினார்கள். எட்டுப் பேர் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தார்கள். தபோதரனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

பதினொரு மாதம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். டெர்மின் என்று ஒரு சந்திப்பு நாள், அதற்குப் பிறகு இன்னொரு டெர்மின். போன வருடம் இதே நாளில் மலையில் ஒரு உடல் கிடைத்தது. ஜக்கெட்டின் உள்பையில் அவளுடைய விலாசம். பொலிஸ்காரர் ஒரு படத்தை மேசையில் தள்ளி, "இவர் உங்கள் கணவர்தானா?" என்று கேட்டார். முகம் இல்லை. பனியும் பறவைகளும் எடுத்தது போக அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. ஜக்கெட் இருந்தது, பொத்தான் இருந்தது. பக்கத்துத் தாளில் உயரம் என்ற இடத்தில் ஒரு மீற்றர் எண்பத்தெட்டு என்று போட்டிருந்தது.

தபோதரன் அவளுடைய காதளவுதான் வருவான்.

மலை ஏறும்போது ஆட்கள் உடுப்பை மாற்றி மாற்றிப் போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். குளிரில் நடுங்குகிறவனுக்கு ஒருவன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுப்பான். இது அவரில்லை என்று சொன்னால் மறுபடியும் கடிதம், மறுபடியும் டெர்மின், மறுபடியும் பிள்ளையின் கேள்வி. அவள் களைத்துப்போயிருந்தாள். "ஓம்" என்று தலையாட்டிக் கையெழுத்து வைத்தாள். ஒஸ்ரியாவில், கணவனின் பெயரில், யாரோ ஒருவனைப் புதைத்தார்கள். கண்டெடுத்த நாளையே திவச நாளாக வைக்கச் சொன்னார் ஐயர்.

தொழிற்கூடத்தின் மூலையில் ஒரு சிவப்பு விளக்கு அறை உண்டு. கறுப்பு வெள்ளைப் படங்களை ஒரு கிழவர் இன்னும் அங்கே கையால் கழுவுவார். தபோதரனின் கடவுச்சீட்டுப் படத்தைப் பெருப்பித்துத் தந்தவரும் அவர்தான். அன்று வெற்றுத்தாள் மருந்துத் தண்ணீர்த் தட்டில் கிடந்தது. முதலில் ஒரு புருவம் எழுந்தது, பிறகு மீசை, பிறகு முழு முகம். அந்தப் படம்தான் இப்போது மாலையோடு வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இன்று விடிய அதன் முன்னால் ஏழு கறியோடு படைத்துவிட்டு, "வந்து சாப்பிடுங்கோ" என்று கும்பிட்டாள். ஏன் என்று கேட்ட பிள்ளைக்கும் சொன்னாள், இன்றைக்கு அப்பா வருவார் என்று.

நாலாவது படம் பாசல். சிவப்புக்கல் தேவாலயத்தின் முற்றம், பின்னால் ரைன் நதி, நதிக்கு அப்பால் கொஞ்சத் தூரத்தில் ஜெர்மனி. 22.10.96. இப்போது அவன் நேராக நின்றான். கமராவைப் பார்த்தபடி. பார்ப்பதற்குக் கண் இருந்தால்.

"என்ன பிள்ளை, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?" கொறற்றி எட்டிப் பார்த்தாள். "எங்கட பெடியன் போல கிடக்கு. நல்ல நெட்டையன். முகத்தில வெளிச்சம் அடிச்சிட்டுது என்ன, வெள்ளையாக் கிடக்கு."

"அக்காவுக்கும் தெரியுதோ?"

"எனக்கென்ன கண் பொட்டையே?"

அன்றைக்கே கழுவிக் கொடுக்கிற அவசரக் கூடையில் ஒரு உறைதான் மிச்சம். கலாதேவி அதைத் திறக்க விரும்பவில்லை. திறந்தாள்.

கண்ணாடி யானை. ஹம் பூங்காவில் உள்ள, வீட்டைவிட உயரமான அந்தக் கண்ணாடி யானை. 27.10.96. நேற்று. யானையின் காலடியில் யாரோ ஒருவரின் குழந்தை. குழந்தைக்குப் பின்னால் நீலம்.

அங்கிருந்து அவள் வீட்டுக்கு நடக்கிற தூரம்தான்.

அலுவலகத் தொலைபேசியை எடுக்கும்போது யன்னலுக்கு வெளியே ஐந்து மணிகூட ஆகாமல் இருட்டிக்கொண்டு வந்தது. நேற்றுத்தான் மணிக்கூட்டைப் பின்னால் திருப்பியிருந்தார்கள். மூன்று தரம் மணி அடித்த பிறகு சிவானுஜா எடுத்தாள்.

"பிள்ளை, ஆர் வந்தாலும் கதவைத் திறக்காத."

"கீழ பெல் அடிக்கினம் அம்மா. ஆரெண்டு கேட்டா ஒண்டும் கதைக்கினமில்லை. காத்துச் சத்தம்தான் வருது."

"திறக்காத!"

"யன்னலால பாத்தன். அப்பாவின்ர ஜக்கெட்."

"அது அப்பா இல்லை. சிவா, கேக்குதோ?"

"நீங்கள்தானே சொன்னீங்கள், இண்டைக்கு அப்பா சாப்பிட வருவார் எண்டு."

தொலைபேசியைத் திரும்ப வைக்காமல் மேசையில் போடுகிற சத்தம். சின்னக் கால்கள் ஓடுகிற சத்தம். கீழ்க் கதவைத் திறந்துவிடுகிற பொத்தானின் நீண்ட இரைச்சல்.

கலாதேவி ஓடினாள். வேலை மேலங்கியோடே. பஸ்ஸுக்கு நிற்கவில்லை. ஈர இலைகளில் சறுக்கினாள். எழும்பினாள். தண்டவாளத்துப் பாலம். பேக்கரி. மூலை விளக்கு. மூச்சில் இரத்த ருசி.

கீழ்க் கதவு திறந்து கிடந்தது.

படிகளில் ஈரம். படிக்கொரு காலடி. அளவுக்கு மீறிய நீளம். உருகாத பனி ஓரங்களில்.

இரண்டாம் மாடி. அவளுடைய கதவும் திறந்துதான் இருந்தது. உள்ளே கத்தரிக்காய்க் குழம்பின் மணம். அதற்கு அடியில், பழைய குளிர்.

மேசை முன், படையல் தட்டுக்கு நேரே, அவன் உட்கார்ந்திருந்தான். இருந்த நிலையிலேயே அவள் உயரம். தட்டு வெறுமையாக இருந்தது. பக்கத்தில் சிவானுஜா, கையில் அகப்பையோடு. மற்றக் கையின் மணிக்கட்டை அவன் பிடித்திருந்தான்.

"அம்மா, கதவைச் சாத்துங்கோ. இவருக்குக் குளிருதாம்." பிள்ளை முகம் கொள்ளாமல் சிரித்தாள். பிறகு சுவர்ப் படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். சிரிப்பு மெல்லக் குறைந்தது. "இவர் அப்பாதானே அம்மா?"

அவன் திரும்பினான்.

வெள்ளை. மூக்கில்லை. வாயில்லை. தாள் போல வழவழப்பு. அது அவளுடைய பதிலுக்குக் காத்திருந்தது. நீலம் பாரித்த விரல்கள் பிள்ளையின் மணிக்கட்டைச் சுற்றி இறுகின.

"நோகுது," என்றாள் சிவானுஜா.

விடிய நாலு மணியிலிருந்து நின்ற கால்கள். கலாதேவி பின்கையால் கதவைச் சாத்தினாள்.

"ஓம்," என்றாள். "அப்பாதான்."

விரல்கள் தளர்ந்தன.

சுவரில், மாலைக்கு நடுவே, தபோதரனின் மீசை வெளிறியது. கண்கள் வெளிறின. சட்டத்துக்குள் வெறும் வெள்ளைத்தாள்.

மேசை முன்னால், அந்த வெற்று முகத்தில், முதலில் ஒரு புருவம் எழுந்தது.