ப்ரோபர்ட்டின் குதிரையும் ஒரு கட்டுச் சுள்ளியும்

காலை ஆறரை மணி. பண்ணைக்காரர் ப்ரோபர்ட்டின் பழுப்புக் குதிரை லாயத்தில் செத்துக் கிடந்தது. வாயில் யூ மரத் தழை. பக்கத்தில் அதே தழையில் ஒரு கட்டு, பாதி தின்றது போக, நடுவில் மட்டும் முறுக்கிய பச்சைக் குச்சியால் கட்டியபடி கிடந்தது. யூ தழை குதிரைக்கு விஷம் என்பது ஹெரிஃபோர்ட் பக்கம் குழந்தைக்கும் தெரியும்.

ப்ரோபர்ட்டுக்கு விசாரணையே தேவைப்படவில்லை. முந்தின நாள் தேவாலயத்து யூ மரத்தின் கிளைகளைக் கழித்தவன், வேலி கழிக்கும் வேலைக்காரன் பிரீஸ். அன்று சாயங்காலமே அவரோடு வாய்ச்சண்டையும் போட்டிருந்தான். பண்ணைக்குச் சொந்தமான சிறு வீட்டில் குடியிருந்த அவனை, பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு காலிசெய்யச் சொல்லிவிட்டுத்தான் போலீசுக்கு ஆள் அனுப்பினார்.

சார்ஜென்ட் க்வில்லியம் வந்தார். நல்ல மூளைக்காரர், ஒரே ஒரு கிறுக்குத்தான். வேலி கழித்த சுள்ளிக்கு எந்த ஊரில் என்ன பெயர் என்று கண்டவரையெல்லாம் கேட்பார். திருடனுக்கு விலங்கு மாட்டும்போதும் கேட்பார் என்று ஊரே கிண்டல் செய்யும்.

பிரீஸின் மனைவி சட்டிபானைகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கட்டில் ஏற்கெனவே ரோட்டில் நின்றது. சுவரோரம் அடுப்புக்கான சுள்ளிக் கட்டுகள், தலைப்பக்கம் ஒரு முடிச்சும் கால்பக்கம் ஒரு முடிச்சுமாக இறுகக் கட்டி அடுக்கியிருந்தன.

"யூ தழைய என்னப்பா பண்ணே?" என்று சார்ஜென்ட் பிரீஸிடம் கேட்டார்.

"மழை வந்துடுச்சு, எரிக்க முடியல சார். கல்லறைச் சுவருக்குப் பின்னால குவிச்சிட்டு வந்தேன். யாரு வேணா அள்ளியிருக்கலாம்."

"இந்தச் சுள்ளிக்கெல்லாம் என்ன பேரு சொல்வே?"

"ட்ரௌஸ். பிள்ளைங்க ரோட்ல நிக்குது, இப்ப பேருதான் முக்கியமா?"

சார்ஜென்ட்டுக்குச் சுருக்கென்றது. லாயத்துக்குத் திரும்பினார்.

குதிரைக்காரன் ஹாக்பென் கென்ட் பக்கத்திலிருந்து போன வருடம் வந்தவன். இரவு அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டதாகச் சொன்னான். நாளைக்குக் குதிரையை வாங்க ஆள் வருவதாக இருந்ததே என்று புலம்பினான். குதிரையின் முன்னங்காலில் சுற்றியிருந்த துணி, பயணத்தில் அடிபடாமலிருக்க என்றான். அவனிடமும் சார்ஜென்ட் சுள்ளியின் பெயரைக் கேட்டார். தன் ஊரில் பேவின் என்பார்கள் என்றான்.

"எங்க வீட்டு அடுப்புக்கு ஒரு பேவின் கட்டிக் குடேன்."

ஹாக்பென் வேலியோரம் கிடந்ததை அள்ளினான். பச்சைக் குச்சியை முறுக்கி, நடுவில் ஒரே கட்டாகப் போட்டு நீட்டினான். சார்ஜென்ட் அதை வாங்கி யூ தழைக் கட்டின் பக்கத்தில் வைத்தார்.

"இந்த ஊர்க்காரன் எப்பவும் ரெண்டு எடத்துல கட்டுவான். நடுவுல ஒண்ணே ஒண்ணு போடறது உங்க ஊரு வழக்கம். பிரீஸ் மேல பழி விழட்டும்னு செஞ்சே சரி, கட்டின கை உன்னோடதாச்சே."

குனிந்து துணியை அவிழ்த்தார். குதிரையின் முழங்கால் கிழிந்து சீழ் வைத்திருந்தது. முந்தாநாள் குடித்துவிட்டு ஓட்டி விழவைத்ததையும், வாங்க வருகிறவர் துணியை அவிழ்ப்பாரே என்று பயந்து தழையைத் தின்னக் கொடுத்ததையும் ஹாக்பென் ஒப்புக்கொண்டான்.

கேட்டுக்கொண்டு நின்ற ப்ரோபர்ட் லாயத்திலிருந்து வெளியே வந்தார். நேராக ரோட்டுக்குப் போனார். கட்டிலின் ஒரு முனையைப் பிரீஸ் பிடிக்க, மறுமுனையை அவர் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோனார்.

"அங்க இல்ல முதலாளி" என்றாள் பிரீஸின் மனைவி. "சுவரோரமா போடுங்க. இன்னும் கொஞ்சம் தள்ளி."

அவர் தள்ளிப் போட்டார்.