இந்தியாவுக்குப் பின்னால் ஒரு குளவி

"பொய் சார்!" என்றாள் பொன்னுத்தாய்.

ஐந்தாம் வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. 'குளவி ஒரு புழுவைக் கூட்டில் வைத்து, கொட்டியே அதைக் குளவியாக்கிவிடும்' என்று பூமிநாதன் சார் அப்போதுதான் கரும்பலகையில் எழுதி முடித்திருந்தார். பந்தல்குடிப் பக்கம் அதை நம்பாதவர்களே கிடையாது.

"எது பொய்?"

"எங்க ஆட்டுக் கொட்டகையில பாத்தேன் சார். குளவி பச்சைப் புழுவைத் தூக்கிட்டு வந்து கூட்டுக்குள்ள திணிச்சுச்சு. மண்ணை வச்சு வாயை அடைச்சுட்டுப் பறந்துபோயிருச்சு. திரும்பி வரவே இல்லை. வராத குளவி எப்படி சார் கொட்டிக்கிட்டே இருக்கும்?"

"ஏலே, இவ குளவிக்கே வாத்தியாருலே!" என்று காளிராஜ் கத்தினான். வகுப்பே சிரித்தது.

சார் சிரிக்கவில்லை. "எதிர்த்தா பேசுற? நீ சொன்னது தப்புன்னு சொல்லு. இல்லைன்னா நாளைக்கு உங்கப்பாவைக் கூட்டிட்டு வா."

பொன்னுத்தாயின் அக்காவைப் பற்றியும் இப்படித்தான் ஒருநாள் புகார் வந்தது. "படிச்சுக் கிழிச்சது போதும்" என்று அப்பா மறுநாளே அவளைப் பருத்தி எடுக்க அனுப்பிவிட்டார். இனி இவளுக்கும் அதே கதிதான். 'தப்பு' என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது? அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆட்டுக் கொட்டகைக் கூட்டை உடைக்கப் போனாள். கூட்டுக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்! அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடியே! உங்க மதினி வாயும் வயிறுமா இருக்கா. குளவி கூடு கட்டுனா வீட்டுக்குப் பிள்ளை வரும்னு ஆசையா இருக்கோம். அதைப் போய் உடைக்கப் பாக்குறியே!"

மதினி மனசு சங்கடப்படுமே என்று பொன்னுத்தாய் பேசாமல் நகர்ந்தாள். ஆனால் விடுவதாக இல்லை. குளவிக்கு ஊரில் வேறு சுவரா இல்லை? வகுப்பில் மாட்டியிருந்த இந்திய வரைபடத்துக்குப் பின்னால் ஒரு குளவி அடிக்கடி போய்வருவது அவளுக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் மணி அடித்தது. சார் உள்ளே வந்தார்.

"உங்கப்பா எங்க?"

"அப்பாகிட்டச் சொல்லலை சார். ஆனா குளவி வந்திருக்கு."

"எங்க?"

"இந்தியாவுக்குப் பின்னால."

பொன்னுத்தாய் வரைபடத்தை விலக்கினாள். சுவரில் வரிசையாக மண் கூடுகள். சிலேட்டுக் குச்சியால் ஒன்றை மெல்லக் குத்தித் திறந்தாள். உள்ளே பச்சைப் புழுக்கள் துவண்டு கிடந்தன. மேலே ஒரு மெல்லிய நூலில் வெள்ளையாக ஏதோ தொங்கியது.

"அது என்ன?" சார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"முட்டை சார். குளவி முட்டை!"

அடுத்த கூட்டைத் திறந்தாள். முட்டையிலிருந்து வந்த கொழுத்த வெள்ளைக் குஞ்சு ஒன்று பச்சைப் புழுவைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. "யாத்தே!" என்று அலறிக்கொண்டே காளிராஜ் தன் பின்னால் நின்றவன் காலை மிதித்தான்.

சார் அந்தக் கூட்டுக்குள் இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். "ஊரே அப்படித்தானே சொல்லுது?" என்றார் மெதுவாக.

"சொல்றவுக யாரும் கூட்டைத் திறந்து பாக்கலை சார்."

காளிராஜ் மூன்றாவது கூட்டுக்குக் கையை நீட்டினான். பொன்னுத்தாய் அதைத் தட்டிவிட்டாள். "பாத்தது போதும்லே. அதுகளாவது பிழைச்சுப் போகட்டும்."

"சரி, போய் உக்காரு" என்றார் சார். "அப்பாவை எல்லாம் கூப்பிட வேண்டாம். நீ தினமும் வந்தாப் போதும்."

பொன்னுத்தாய்க்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனாலும் அவள் உட்காரவில்லை. கரும்பலகையைக் காட்டினாள். "அது அப்படியே இருக்கே சார்?"

சார் நேற்று எழுதியதைத் தானே துடைத்தார். பிறகு சாக்பீஸை அவளிடம் நீட்டினார். "நீயே எழுது. புழு குளவியாகலைன்னா பின்னே என்னதான் ஆகுது?"

பொன்னுத்தாய் நிமிர்ந்து நின்றாள்.

"குளவிக் குஞ்சுக்குச் சோறாகுது சார்!"