பட்டாணியின் தட்டு

காப்பகத்திலிருந்து அந்தக் குட்டி நாயைத் தூக்கிக்கொண்டு வந்த பெண், கூடத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். டிவி இல்லை, குழந்தை இல்லை, பாத்திரம் உருளும் சத்தம்கூட இல்லை. இந்த நாய்க்கு இப்படியொரு அமைதியான வீட்டைத்தான் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். பல் டாக்டர் தலையாட்டினார். ஊரையே வாய் திறக்கச் சொல்கிறவர், வீட்டில் வாய் திறப்பது அபூர்வம்.

டாக்டரின் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த அமைதியை உண்டாக்கியதே அவள்தான்.

நாய்க்குப் பட்டாணி என்று பெயர் வைத்தாள். யாரிடமோ அடிவாங்கி வளர்ந்தது. செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். அதைப் பழக்க ஒரே வழிதான் என்றாள் காப்பகத்துப் பெண்.

"தட்ட வெச்சிட்டு வந்துடுங்க. திரும்பிப் பாக்காதீங்க. பாத்தா சாப்பிடாது."

அது மனைவிக்குக் கைவந்த வேலை. டாக்டரின் அக்கா, புத்தி பேதலித்தவள், போன வருஷம்வரை சாமான் அறையில்தான் இருந்தாள். மனைவி கதவைக் கையளவு திறந்து, தட்டை உள்ளே தள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவாள். அழுதால் தட்டு கிடையாது. கத்தினால் மறுநாளும் கிடையாது. நாத்தனார் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். சத்தமில்லாமலே செத்தும் போனாள். டாக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த இடம் அந்த அறை வாசல்தான். பட்டாணியின் தட்டையும் அங்கேயே வைத்தாள்.

வேளை தவறாமல் தட்டு கழுவி வைத்தாற்போலக் காலியானது. அவள் மனசு குளிர்ந்தது. அந்த நாயின்மேல் உயிரையே வைத்திருந்தாள். அதற்கு முன் அவள் யாரையும் அப்படி நேசித்ததில்லை.

ஆனால் பட்டாணி இளைத்தது.

விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்தன. நோய் எதுவும் இல்லை, வயிறுதான் காய்ந்துகிடக்கிறது என்றார் கால்நடை டாக்டர். அன்று மதியம் தட்டை வைத்துவிட்டு நடந்தவள், முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள்.

பட்டாணி சுவரோரம் எச்சில் ஒழுகப் படுத்திருந்தது.

சாமான் அறைக் கதவு கையளவு திறந்திருந்தது.

தட்டைக் காணோம்.

உள்ளே யாரோ அவசர அவசரமாக மெல்லும் சத்தம். அழுக்குத் துணியும் மூத்திரமும் கலந்த அந்தப் பழைய வாடை.

தட்டு தரையில் உரசியபடி வெளியே வந்தது. பட்டாணி தவழ்ந்துபோய் வெறும் தட்டை நக்கியது.

சாயங்காலம் டாக்டரிடம் பார்த்ததைச் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அக்கா பசி தாங்க மாட்டா," என்றார் மெதுவாக. "உனக்குத் தெரியாதா?"

நாயாவது பிழைக்கட்டும் என்று மறுநாள் காலை அவளே காப்பகத்துக்குப் போன் செய்தாள். வந்த பெண் பட்டாணியின் முதுகைத் தடவிப் பார்த்தாள். வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டிருக்கிறீர்களே என்றாள். பட்டாணி திரும்பிப் பார்க்காமல் போனது.

அன்று மதியம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். திரும்பியபோது அவள் தட்டு கழுவி வைத்தாற்போல இருந்தது.

மறுபடி போட்டுக்கொண்டாள். தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கண் எரிந்தது. ஒருமுறை இமைத்தாள்.

காலி.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

"வாய மூடு," என்றார் டாக்டர், தன் தட்டிலிருந்து தலை நிமிராமல். "கத்தினா நாளைக்கும் கிடையாது."