இரண்டாவது போர்வை

நேற்றுவரை ஒலிப்பதிவுக்கூடத்துச் சோபாவில் ஒரு போர்வைதான் கிடந்தது. இன்றைக்கு இரண்டு இருந்தன, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து, புதுத்துணியின் கஞ்சி வாசனையோடு.

“எழுத்தாளருக்கு ஏசி ஒத்துக்கலையாம்மா,” என்றார் ஒலிப்பதிவாளர். அவள் அண்ணா என்று கூப்பிடும் மனிதர். “ஊரையே பத்தவெச்ச ஆளுக்குக் குளிருது, பாரேன்.”

பற்றி எரிந்தது என்னவோ எழுத்தாளரின் நாவல்தான். அதன் கதைசொல்லி வீட்டு ஆட்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். ஆனால் ‘கொன்றேன்’ என்று மறந்தும் சொல்வதில்லை. ‘போர்த்திவிட்டேன்’ என்கிறான். போர்வை தாய்மையின் குறியீடு என்றது ஒரு கூட்டம், அதிகாரத்தின் குறியீடு என்றது இன்னொன்று, தெருவில் பிரதிகளைக் கொளுத்தியது மூன்றாவது. அதை ஒலிநூலாக வாசித்துக்கொடுக்கும் வேலை அவளுடையது.

வாசிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும், வெளிக்கூடத்துப் பேச்சும் சிரிப்பும் கத்தரித்தாற்போல் நின்று, காதில் மாட்டிய ஹெட்போனில் அவளுடைய எச்சில் விழுங்கும் சத்தமும் தாள் புரளும் சத்தமும் மட்டும் பூதாகரமாகக் கேட்டன. தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணா; அவருக்குப் பின்னால் எழுத்தாளர். வெளியே போக அவர்களைத் தாண்டித்தான் போகவேண்டும்.

“தம்பி நடுங்கினான். போர்த்திவிட்டேன். அடங்கினான்,” என்று வாசித்தாள்.

மேசையிலிருந்த பேச்சுப் பொத்தானை அழுத்தி, ஹெட்போனில் எழுத்தாளர் குறுக்கிட்டார். “ஏம்மா பயந்து வாசிக்கிறீங்க? பாசமா போர்த்துறான். அப்படியே வாசிங்க.”

“அவன் பொய் சொல்றான்னு கேக்குறவங்களுக்குத் தெரியணுமே சார். போர்வை ஒரு குறியீடுதானே?”

“எல்லாரும் இதையே சொல்றாங்க.” நிஜமாகவே மனம் நொந்த குரல். “இருங்க, காட்டுறேன்.”

ஒரு போர்வையை உதறி, அண்ணாவின் தோளில் அம்மா போலப் போர்த்தினார். அண்ணா சிரித்தபடி திரும்பினார். போர்வை தலைக்கு ஏறியது. இறுகியது. கால்கள் நாற்காலியை உதைத்தன. எழுத்தாளர் அந்தத் துணிமூட்டையைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினார், மறுபடி மோதினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தமே இல்லை. அண்ணாவின் முழங்கை அந்தப் பேச்சுப் பொத்தானில் விழ, எல்லாச் சத்தமும் ஒரேயடியாக அவள் காதுக்குள் வந்தது. மட்டை உடைவது போல எலும்பு. துணிக்குள் ஒரு குமிழிட்ட மூச்சு. பிறகு அதுவும் இல்லை.

போர்வையில் சிவப்பு ஊறிப் பரவியது. எழுத்தாளர் அதன் சுருக்கங்களை நீவிவிட்டார்.

“அண்ணனுக்குக் குளிர் விட்டுடுச்சு,” என்றார் மூச்சிரைக்க. “ஏம்மா நிறுத்திட்டீங்க?”

இரண்டாவது போர்வையை எடுத்துக்கொண்டு வாசிப்பறைக் கதவை நோக்கி நடந்தார்.

அவள் வாசித்தாள். அவர் நின்றார். தொடர்ந்து வாசித்தாள். உட்கார்ந்தார்.

நாக்கு உலர்ந்தது. நிறுத்தவில்லை. உயிர்ப்பயத்தில் குரல் குழைந்தது, தாலாட்டாயிற்று. அக்காவைப் போர்த்தினாள். அப்பாவைப் போர்த்தினாள். எழுத்தாளர் கண்மூடித் தலையாட்டினார்.

கையில் தாள்கள் மெலிந்தன. ஐந்து. இரண்டு. ஒன்று.

கடைசி வரி.

மறுபடி முதல் பக்கத்தை எடுத்தாள்.

“அது பதிவாயிடுச்சும்மா,” என்றார் அன்பாக.

எழுந்தார். கதவு திறந்தது. கஞ்சி வாசனை.

“எப்படி நடுங்குறீங்க பாருங்க.”

போர்வையை விரித்தார்.