இடப்பக்கக் கதவின் சிவப்புப் புள்ளிகள்

“காரில கொஞ்சம் கறை பிடிச்சிருக்கு மிஸ். எப்பிடி எடுக்கிறதெண்டு கேக்கத்தான் வந்தனான்,” என்றாள் கீர்த்தனி.

பாதி உண்மை, பாதி பொய். கறை இருந்தது உண்மை. ஆனால் கறை போக்கும் வழி கேட்பதற்காக யாரும் அரசாங்கக் கச்சேரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, உதடு காய்ந்து, முகம் வெளிறி உட்துறைமுக வீதியிலுள்ள இந்த அலுவலகத்துக்கு ஓடி வருவதில்லை. கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையைத் தூக்கி மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

எதிரே இருந்த ஆதிலா அவசரப்படவில்லை. காப்புறுதிக் கம்பனிகளுக்காக விபத்தில் அடிபட்ட வாகனங்களைப் பார்த்து மதிப்பிடுவது அவருடைய தொழில். வாகனத்தைத் தடவிப் பார்த்தே யார் சொல்வது பொய் என்று கண்டுபிடித்துவிடுவார் என்று திருகோணமலையில் ஒரு பேச்சு இருந்தது. அவருக்குப் பக்கத்தில் ஆனந்தராசா. ஓய்வுபெற்ற பஸ் சாரதியான அவர், இப்போது ஆதிலாவின் காரை ஓட்டுகிறார். கேட்காத கேள்விக்கும் பதில் வைத்திருப்பார். அந்தப் பதில் பெரும்பாலும் பிழையாக இருக்கும் என்பது வேறு விசயம்.

“என்ன நிறம்?” என்று கேட்டார் ஆதிலா.

“சிவப்பு. செவ்வாய்க்கிழமை காலமைதான் கண்டனான்.”

“என்னத்தால தேய்ச்சனீங்கள்?”

தேய்த்ததாகக் கீர்த்தனி சொல்லவே இல்லையே! ஆதிலாவின் பார்வை போன திசையில் தன் விரல்களைப் பார்த்தாள். நகங்கள் தேய்ந்து, நுனித்தோல் உரிந்திருந்தது. அதற்கு மேல் அவளால் மறைக்க முடியவில்லை.

“சவர்க்காரம் போட்டன். மண்ணெண்ணெய் போட்டன். பிறகு தேங்காய்ப் பொச்சு நாரால தேய்ச்சன். முழுசாப் போகுதில்ல மிஸ்! ரத்தமாயிருக்கும் எண்டு பயமாயிருக்கு!” அவள் அழுதாள். அழுகையோடு அழுகையாக முழுக்கதையும் வெளியே வந்தது.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகை நேரம். நிலாவெளி வீதியில் மீன் விற்றுவிட்டுச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த அப்துல் மஜீதை ஒரு வெள்ளை வாகனம் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. மனிதர் இன்னமும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. வாகனத்தின் இலக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அந்தப் பின்னேரம் கீர்த்தனியின் வெள்ளைக் காரை அவளுடைய தம்பி யதுர்சன் எடுத்துக்கொண்டு போயிருந்தான். நேற்றுப் பக்கத்து வீட்டுச் சசிகரன் பொலிசில் போய்ச் சாட்சி சொல்லியிருந்தார். நிலாவெளிப் பக்கமிருந்து அந்தக் கார் பறந்து வந்ததைக் கண்டாராம். இடப்பக்கக் கதவில் சிவப்பாகத் தெறித்திருந்ததாம்.

“தம்பி என்ன சொல்றார்?”

“உவர்மலையை விட்டு வெளியால போகேல்ல, கூட்டாளி வீட்டில நிண்டனான் எண்டு சார்ஜன்ட்டுக்குச் சொன்னவன். எந்தக் கூட்டாளி எண்டு கேட்டால் வாய் திறக்கிறானில்ல. நாளைக்குக் காலமை ஸ்டேசனுக்கு வரச் சொல்லியிருக்கினம். போனால் விடமாட்டினம் மிஸ்.”

“நீங்கள் அவரை நம்புறீங்களா?”

கீர்த்தனி கைப்பையின் வாரை முறுக்கினாள். ஆதிலாவும் இரண்டாவது தரம் கேட்கவில்லை.

உவர்மலையில் அவளுடைய வீட்டு முற்றத்தில் கார் ஒரு தார்ப்பாய்ப் படங்கின் கீழ் நின்றது. கீர்த்தனி படங்கை இழுத்தாள். அந்தப் புள்ளிகள் அப்படியே இருந்தன. கடுகை விடச் சிறியவை. முன்பக்கத்திலும் இடப்பக்கத்திலும் பொட்டுப் பொட்டாக, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு செம்மஞ்சள் வளையம்.

“ரத்தம்தான் தங்கச்சி!” என்றார் ஆனந்தராசா ஆதிலாவிடம். “சைக்கிள்காரன் எப்பவும் இடப்பக்கத்திலதான் போவான். அடி விழுந்ததும் இடப்பக்கம். கணக்குச் சரி!”

கீர்த்தனி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணன்,” என்ற ஆதிலா, ஒரு மெல்லிய பொலித்தீன் பையைக் கைக்கு மாட்டிக்கொண்டு காரைத் தடவினார். “வெறுங்கைக்குத் தெரியாததெல்லாம் பைக்குள்ளால தெரியும். கீழ இருக்கிற இந்தக் கறுப்பு தார். மண்ணெண்ணெய்க்குப் போகும். இந்த வெள்ளை வளையம் கிணத்துத் தண்ணி காய்ஞ்சது. வினாகிரிக்குப் போகும். இந்தச் சிவப்பு மட்டும்தான் உங்கட ஒண்டுக்கும் போகேல்ல. ரத்தமெண்டால் முதல் சவர்க்காரத்திலயே போயிருக்கும். வெயிலில நிண்டால் கறுத்தும் போயிருக்கும். இஞ்ச பாருங்கோ, கண்ணாடியிலயும் இருக்கு. ஒவ்வொண்டும் முள்ளுப்போல ஏறி நிக்குது.”

அவர் தன் தோள்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து, ஒரேயொரு புள்ளியில் விசிறினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சற்று நேரத்தில் அந்தப் புள்ளியிலிருந்து கடும் ஊதா நிறத்தில் ஒரு கோடு கசிந்து கதவின் வழியே வடிந்தது. கார் உயிரோடு இரத்தம் விடுவதுபோல இருந்தது. கீர்த்தனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பயப்படாதேங்கோ. இந்தத் தண்ணி இரும்பில பட்டால்தான் ஊதாவாகும். இது கிறைண்டரில பறந்த இரும்புத்தூள். சூட்டோட வந்து பெயின்ரில குத்தி ஒட்டியிருக்கு. மிச்சத்தை இப்ப ஒருத்தரும் தொடக் கூடாது.” ஆதிலாவின் பார்வை பொச்சால் தேய்த்த முன்கதவில் நின்றது. அங்கே கீறல்கள்தான் இருந்தன, புள்ளிகள் அநேகமாக இல்லை. “போன சனிக்கிழமை காரைக் கழுவினனீங்களா?”

“ஒவ்வொரு சனியும் கழுவுறனான். அண்டைக்கு ஒரு சிவப்பும் இல்ல மிஸ். கைக்குச் சொரசொரவெண்டு இருந்தது. மண்ணெண்டு நினைச்சன்.”

“அதுக்கு முந்தின சனி?”

“வழுவழுவெண்டு இருந்தது.”

“அப்ப இடையில, தம்பி எடுத்த வெள்ளிக்கிழமைதான் ஒட்டியிருக்கு. ஆனந்தராசா அண்ணன், இவ்வளவு தூள் திறந்த வெளியிலதான் பறக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் கரையில கிறைண்டர் சத்தம் எங்க கேக்கும்?”

“இந்த ஹார்பரைச் சுத்தி எத்தினை இடம்...” என்று தொடங்கியவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “கிண்ணியா! ஜும்மா நாளில அவங்கள் கடலுக்குப் போறதில்ல. மற்ற நாளெல்லாம் போட் கடலில, கரையில ஆளே இல்ல. வெள்ளிக்கிழமைதான் எல்லாம் கரையேறி நிக்கும். தொழுதிட்டுச் சாப்பிட்டு வந்து, பொழுதுபடுற மஃரிபு வரைக்கும் நங்கூரமும் இரும்புச் சட்டமும் தேய்ப்பாங்கள்!” வாழ்க்கையில் முதன்முறையாகச் சரியான பதில் சொன்ன மகிழ்ச்சியில் அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

கீர்த்தனிக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஒரு பயம் இறங்க, மற்றொரு பயம் ஏறியது. “கிண்ணியாக் கரையிலயா? கடற்கரையில இவனுக்கென்ன வேலை?”

“எஞ்சின் வேலை பழகிறன் அக்கா.”

வாசலில் யதுர்சன் நின்றான். இருபத்துநாலு வயது, ஒடிசலான உடம்பு. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வராத ஆண்டில், இனி இந்த வீட்டில் ஒருவரும் கடல் தொழிலைத் தொடுவதில்லை என்று அக்கா அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

“வெள்ளிக்கிழமையில பஸ்ஸில போறனான், அண்டைக்குத்தான் காரில போனது. அஸருக்கு அவங்கள் தொழப் போனதும் நான்தான் எஞ்சினுக்குப் பக்கத்தில இருந்தனான். போகேக்கயும் வரேக்கயும் ஆறேழு பேர் கண்டவங்கள். உங்களுக்கு முன்னால அதைச் சொல்ல வாய் வரேல்ல, பொய் சொல்லிப்போட்டன்.”

“இப்ப மாத்திச் சொன்னால் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து கதை கட்டுறீர் எண்டுதான் பொலிஸ் சொல்லும்,” என்றார் ஆதிலா. “நல்லகாலம், கார் உங்கட பக்கம் பேசுது.”

அவர் சார்ஜன்ட் ஸாஜித்துக்குத் தொலைபேசி எடுத்தார். பிறகு கீர்த்தனியைப் பார்த்து, “செவ்வாய்க்கிழமை நீங்கள் தேய்க்கேக்க ஆராவது கண்டவையா?” என்று கேட்டார்.

“சசிகரன் அண்ணை மதிலுக்கு மேலால எட்டிப் பாத்தவர். ஏன் தங்கச்சி விடியக்காலமை கார் கழுவுறீங்கள் எண்டு கேட்டவர். எனக்குக் கை உதறினது, பொச்சு விழுந்திட்டுது.”

ஆதிலா ஆனந்தராசாவின் காதில் ஏதோ சொன்னார். அவர் உற்சாகமாக மதிற்பக்கம் போனார்.

சார்ஜன்ட் வந்ததும் சசிகரனையும் அழைத்தார்கள். நிலாவெளி ஹோட்டல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வெள்ளை வான் அவருக்கு இருந்தது. வெள்ளைச் சட்டையில், அக்கம்பக்கத்துக்கு உதவி செய்ய வந்தவர் மாதிரி நின்றார். கீர்த்தனியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“நீங்கள் கண்டதை இன்னொருக்காச் சொல்லுங்கோ,” என்றார் ஆதிலா.

“இந்தக் கதவுதான். சிவப்பாய்ப் பொட்டுப் பொட்டாய்த் தெறிச்சுக் கிடந்தது. ரெண்டு கண்ணாலயும் கண்டனான்.”

“வெள்ளிக்கிழமை?”

“ஓம், வெள்ளிக்கிழமை பின்னேரம்தான். சத்தியமாய்.”

“அது நடக்காது,” என்றார் ஆதிலா அமைதியாக. “சார்ஜன்ட், இது இரும்புத்தூள். பறந்து வந்து ஒட்டேக்க நிறமில்ல, கண்ணுக்கும் தெரியாது. கடல் பனியில ஊறித் துருப்பிடிச்சுக் கறள் கட்டினால்தான் சிவக்கும். சனிக்கிழமை இவ கையால தேய்ச்சுக் கழுவியே ஒரு சிவப்பையும் காணேல்ல. செவ்வாய்க்கிழமைதான் கண்டவ. வெள்ளிக்கிழமை இல்லாத சிவப்பை இவர் எப்பிடிக் கண்டவர்? செவ்வாய்க்கிழமை மதிலுக்கு மேலால கண்டதை வெள்ளிக்கிழமைக்கு மாத்திச் சொல்றார். கீர்த்தனியின்ர பயத்தைக் கண்டுதான் இவருக்கு அந்த யோசனையே வந்திருக்கு.”

சசிகரன் சிரிக்கப் பார்த்தார். “நாள் மாறிப் போயிருக்கும். எனக்கேன் பொய்?”

“ஆனந்தராசா அண்ணன், வானைப் பாத்தனீங்களா?” என்றார் ஆதிலா.

“பாத்தன் தங்கச்சி!” ஆனந்தராசா மூச்சு வாங்கினார். “இடப்பக்க லைட் புதுசு. அதைச் சுத்தின கறுப்பு றப்பரில வெள்ளைப் பெயின்ட் மா தெளிச்ச மாதிரிக் கிடக்கு.”

“கராஜில அடிச்சிருந்தால் றப்பரையும் கண்ணாடியையும் மூடிப்போட்டுத்தான் அடிச்சிருப்பினம்,” என்றார் ஆதிலா. “இது வீட்டில ஸ்ப்ரே டின் வாங்கி அவசரத்தில அடிச்சது. அந்தப் பெயின்ட்டுக்குக் கீழ என்ன இருக்கெண்டு பாக்கிறது உங்கட வேலை, சார்ஜன்ட்.”

சசிகரனின் கைகள் உதறத் தொடங்கின. அந்த உதறல் கீர்த்தனிக்கு நன்றாகத் தெரிந்த உதறல். இந்த மூன்று நாளும் அவளும் அதோடுதான் படுத்து எழும்பியிருந்தாள். அவருக்காக இரங்க அவள் விரும்பவில்லை. ஆனாலும் கொஞ்சம் இரங்கினாள்.

“அவர் சாகேல்லத்தானே?” என்று கேட்டார் சசிகரன். ஸாஜித் அவருடைய தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

போகும்போது ஆதிலா கீர்த்தனியைத் தனியாகக் கூப்பிட்டார். “பொலிஸ் படமெடுத்து முடியட்டும். பிறகு அந்தத் தண்ணியால எல்லாத்தையும் எடுக்கலாம். ஆனால் ஒண்டு. இன்னும் ரெண்டு நாள் பொச்சால தேய்ச்சிருந்தீங்களெண்டால், உங்கட தம்பிக்கு இருந்த ஒரே சாட்சியை நீங்களே அழிச்சிருப்பீங்கள்.”

முற்றத்தில் அக்காவும் தம்பியும் மட்டும் மிஞ்சினார்கள். யதுர்சன் முன்கதவுக்கு அருகில் குந்தி, கீறல்களை விரலால் தடவினான்.

“ரத்தமெண்டு நினைச்சுத்தானே தேய்ச்சனீங்கள்?”

இல்லை என்று சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது. வெறும் கறை என்று நினைத்ததாகச் சொல்லிவிடலாம், அவனும் நம்புவதுபோல இருந்துவிடுவான். “ஓம்,” என்றாள்.

“ஒரு மனுசனை இடிச்சுப்போட்டு வந்து, உங்களுக்கு முன்னால இருந்து சோறு திண்டனான் எண்டு நினைச்சனீங்கள்.”

கீர்த்தனி தலையைக் குனிந்துகொண்டாள். பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் என்றுதான் பயந்ததாக இவ்வளவு நாளும் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். அதைவிடப் பெரிய பயம் அவனைப் பற்றியதாக இருந்தது. அது அவனுக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

யதுர்சன் எழுந்து காற்சட்டையைத் தட்டிவிட்டான். “நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஸ்டேசனில கையெழுத்து வைச்சிட்டு, நான் பஸ்ஸில கிண்ணியாக்குப் போறன் அக்கா.”

போகாதே என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அப்பாவின் முகம் வந்தது, கடல் வந்தது, தலையில் கை வைத்து வாங்கிய சத்தியமும் வந்தது. அவள் எல்லாவற்றையும் விழுங்கினாள்.

“இருட்ட முதல் வந்திரு,” என்றாள்.